அமெரிக்கக் கல்லூரியில் முதலாண்டு எழுத்து வகுப்பு: சேலத்திலிருந்து போகும் ஒரு மாணவிக்குப் பதில்

கேட்டிருப்பவர் சேலம் அம்மாபேட்டை மாணவி. ப்ளஸ் டூ ஆங்கிலத்தில் 96 மார்க். ஆகஸ்டில் அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் இளங்கலை சேரப்போகிறார். முதல் செமஸ்டர் அட்டவணையில் கணிதம், புரோகிராமிங்குக்கு நடுவே ‘இங்கிலீஷ் காம்போசிஷன்’ என்று 3 கிரெடிட் பாடம் ஒன்று இருக்கிறதாம். இதிலிருந்து விலக்கு வாங்க முடியுமா, உள்ளே என்ன எழுதச் சொல்வார்கள், எப்படி மார்க் போடுவார்கள், போவதற்குள் எத்தனை ஆங்கில நாவல் படிக்க வேண்டும் என்பவை அவருடைய கேள்விகள்.

அங்கே முதுகலை படித்த காலத்தில் உதவித்தொகைக்காக இந்த வகுப்பை நான் எடுத்திருக்கிறேன். பல பல்கலைக்கழகங்களில் இதை எடுப்பவர்கள் என்னைப் போன்ற முதுகலை, முனைவர் பட்ட மாணவர்கள்தான். இப்போது சேலத்தில் இருந்துகொண்டு, வெளிநாடு போகும் பிள்ளைகளின் கட்டுரைகளைப் படித்துக் கருத்துச் சொல்கிறேன். அதனால் இரண்டு பக்கத்துப் பழக்கங்களும் தெரியும்.

விலக்கு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் ஏ.பி. என்றொரு தேர்வு எழுதுகிறார்கள். அதன் ஆங்கிலத் தாளில் 5-க்கு 3 அல்லது 4 எடுத்தால் பல பல்கலைக்கழகங்கள் இந்தப் பாடத்தை முடித்ததாகவே கணக்கு வைத்துக்கொள்ளும். மாநிலப் பாடத்திட்டத்தில் படித்த நீங்கள் அதை எழுதியிருக்க வாய்ப்பில்லை. டோஃபல், ஐஇஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் திறன் தேர்வுகளின் மதிப்பெண் சேர்க்கைக்கு உதவுமே தவிர, பொதுவாக இந்தப் பாடத்திலிருந்து விடுவிக்காது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கென்று இதே பாடத்துக்குத் தனிப் பிரிவு சில பல்கலைக்கழகங்களில் உண்டு. இருந்தால் கௌரவம் பார்க்காமல் அதில் சேருங்கள். கிரெடிட் அதேதான், கவனிப்பு அதிகம். என்னைக் கேட்டால், விலக்கே கிடைத்தாலும் வாங்கக் கூடாது என்பேன். அடுத்த 4 வருடத்தில் நீங்கள் எழுதப்போகும் ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் அடிப்படைப் பழக்கம் இங்கேதான் கிடைக்கும்.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன். “வெளிநாட்டுக்காரி என்பதால் இதைத் தலையில் கட்டுகிறார்களோ?” இல்லை. ஹார்வர்டில் 1874 முதல் நுழைவுத் தேர்வில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நல்ல பள்ளிகளில் படித்த அமெரிக்கப் பையன்களே தடுமாறியதைப் பார்த்துவிட்டு, 1885-ல் ‘இங்கிலீஷ் ஏ’ என்ற கட்டாயப் பாடத்தை முதலாண்டில் வைத்தார்கள். அது அப்படியே நாடு முழுவதும் பரவியது. பக்கத்து இருக்கையில் ஒஹாயோவிலிருந்து வந்து உட்காரும் பையனுக்கும் இது கட்டாயம்தான். அவனுக்கும் உங்களைப் போலவே வயிறு கலங்கிக்கொண்டிருக்கும்.

சரி, அந்த 96 மார்க்குக்கு வருவோம். அது பொய்யான மார்க் இல்லை. ஆனால் அது எதை அளந்தது என்று பாருங்கள். ப்ளஸ் டூ ஆங்கிலம் 90 எழுத்துத் தேர்வு, 10 அகமதிப்பீடு. பாடத்தின் பத்தி வினாவுக்குக் கைடிலோ மிஸ் கொடுத்த நோட்ஸிலோ பதில் தயாராக இருக்கும். அதைப் பிழையில்லாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல், நேரத்துக்குள் எழுதுகிறவருக்கு மார்க். தமிழ்க் கட்டுரையும் அப்படித்தான்: குறிப்புச்சட்டகம், முன்னுரை, நாலு உள்தலைப்பு, ஒரு குறள், முடிவுரை. ஒரே முறை எழுதுவோம். எழுதிக் கொடுத்த தாளை மறுபடி தொட்டுத் திருத்தும் வாய்ப்பை 12 வருடத்தில் யாரும் நமக்குக் கொடுத்ததில்லை.

அங்கே நேர் எதிர். ஒரு கட்டுரையை முதல் டிராஃப்டாக எழுதுவீர்கள். வகுப்புத் தோழர்கள் படித்துக் கருத்துச் சொல்வார்கள். ஆசிரியர் ஓரத்தில் கேள்விகள் எழுதித் தருவார். நீங்கள் அதைக் கலைத்துவிட்டு மறுபடி எழுதுவீர்கள். பல வகுப்புகளில் செமஸ்டர் கடைசியில் போர்ட்ஃபோலியோ என்று எல்லா டிராஃப்ட்டுகளையும் சேர்த்து ஒப்படைத்து, எதை ஏன் மாற்றினேன் என்று ஒரு கடிதமும் எழுத வேண்டும். ஆக, முதல் டிராஃப்டுக்கும் கடைசி டிராஃப்டுக்கும் நடுவே நடந்த வேலைக்குத்தான் மார்க்கில் பெரும் பங்கு. நம் பிள்ளைகள் வழுக்கி விழுவது இங்கேதான். முதல் டிராஃப்டையே அழகாக, முடிந்த கட்டுரையாகக் கொடுப்பார்கள். “உங்கள் இரண்டாம் பத்தி எனக்கு நம்பிக்கை தரவில்லை, ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?” என்று ஆசிரியர் கேட்டால், அந்தப் பத்தியில் இரண்டு ஸ்பெல்லிங்கைத் திருத்திவிட்டுத் திரும்பக் கொடுப்பார்கள். அது திருத்தமே இல்லை. அவர் கேட்டது பத்தியின் யோசனையைப் பற்றி.

முதல் நாளே சிலபஸ் என்று பல பக்கம் வரும். நம்மூரில் சிலபஸ் என்றால் பாடத் தலைப்புகளின் பட்டியல். அங்கே அது உங்களுக்கும் ஆசிரியருக்கும் நடுவே ஒரு ஒப்பந்தம் மாதிரி. எந்தக் கட்டுரைக்கு எத்தனை சதவீதம், எத்தனை வகுப்பு தவறினால் கிரேடு இறங்கும், தாமதமாகக் கொடுத்தால் ஒரு நாளுக்கு எவ்வளவு வெட்டு, ஏஐ கருவிகளைத் தொடலாமா கூடாதா, எல்லாம் அதில் இருக்கும். கான்வாஸ், பிளாக்போர்டு போன்ற ஒரு தளத்தில் கட்டுரையை ஏற்ற வேண்டும். கெடு பெரும்பாலும் இரவு 11:59 என்று இருக்கும். 12:05-க்கு ஏற்றிவிட்டு “கரண்ட் போயிடுச்சு மிஸ்” என்றால் எடுபடாது. ஆனால் உடம்பு சரியில்லை என்று இரண்டு நாள் முன்னதாகவே மெயில் போட்டுக் கேட்டால், பெரும்பாலான ஆசிரியர்கள் அவகாசம் தருவார்கள். முன்னால் கேட்பதற்கும் பின்னால் கெஞ்சுவதற்கும் அங்கே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1 கிரெடிட் என்றால் வாரத்துக்கு 1 மணி வகுப்பும், வெளியே குறைந்தது 2 மணி வேலையும் என்பது அங்குள்ள அரசு வரையறை. 3 கிரெடிட் பாடத்துக்கு வாரம் 9 மணி நேரம், சுமார் 15 வாரம். வகுப்பு 50 நிமிடமாக வாரம் 3 நாளோ 75 நிமிடமாக 2 நாளோ இருக்கும். வகுப்பில் 20, 25 பேர்தான். புரோகிராமிங் வகுப்பில் 200 பேர் நடுவே ஒளிந்துகொள்ளலாம், இங்கே முடியாது. பேசாமல் உட்கார்ந்திருந்தால் ‘பார்ட்டிசிபேஷன்’ மார்க் போய்விடும். பாடம் பிடிக்கவில்லை என்று நடுவில் விட்டுவிடலாம் என்று நினைத்தால் ஜாக்கிரதை: எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இளங்கலை படிப்பவர் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் வைத்திருக்க வேண்டும். எதையும் விடுவதற்கு முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். கூடப் படிப்பவர்களிடம் கேட்டு முடிவெடுக்காதீர்கள்.

என்ன எழுதச் சொல்வார்கள்? ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒவ்வொரு மாதிரி என்றாலும், பெரும்பாலும் 3 அல்லது 4 பெரிய கட்டுரைகள், நடுவில் குட்டிக் குட்டி வேலைகள். குட்டி வேலைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: படித்த கட்டுரைக்கு 250 சொல்லில் ஒரு பதில், ஒரு சுருக்கம், திடீர் வினாடி வினா. ஒன்றுகூட விடாமல் கொடுத்தால் போதும்.

முதல் பெரிய கட்டுரை அனேகமாக உங்கள் சொந்த அனுபவம். நீங்கள் எப்படி எழுதப் படிக்கக் கற்றீர்கள், மொழியோடு உங்கள் உறவு என்ன என்ற மாதிரி. நம் பிள்ளைகள் இதில் “என் ஆசிரியரே என் கலங்கரை விளக்கம்” என்று ஆரம்பிப்பார்கள். வேண்டாம். நீங்கள் அம்மாபேட்டை என்கிறீர்கள். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தறி இருக்கும். சேலையின் டிசைனைத் தறிக்குச் சொல்லும் ஜக்கார்டு அட்டையில் எந்த ஓட்டை எந்த இழையைத் தூக்கும் என்று பார்த்தே சொல்லும் ஒரு பெரியவரைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அவர் பள்ளிக்கூடம் போயிருக்க மாட்டார், ஆனால் அந்த அட்டையைப் படிக்கிறார். நீங்கள் போய்ச் சேரப்போவது கணினி அறிவியல். அட்டையில் ஓட்டை போட்டு இயந்திரத்துக்குக் கட்டளை சொல்வது அந்தத் துறையின் வரலாற்றில் ஓர் அத்தியாயம். இந்த ஒரு விஷயத்தை வைத்து 4 பக்கம் எழுதினால், ஆசிரியர் அந்தக் கட்டுரையை வீட்டில் படித்துக் காட்டுவார்.

இரண்டாவது, அலசல் கட்டுரை. ஒரு விளம்பரமோ பேச்சோ கட்டுரையோ கொடுத்து, இது சொல்வது சரியா தப்பா என்று கேட்காமல், கேட்பவரை எப்படி இணங்க வைக்கிறது என்று கேட்பார்கள். அரிஸ்டாட்டில் சொன்ன ஈதோஸ், பேத்தோஸ், லோகோஸ் என்ற மூன்றும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். பேசுகிறவர் மேல் வரும் நம்பிக்கை, கேட்கிறவர் மனசில் எழும் உணர்ச்சி, சொல்லப்படும் காரணம், அவ்வளவுதான். பயிற்சிக்கு அமெரிக்க விளம்பரம் தேவையில்லை. ரிசல்ட் வந்த வாரத்தில் நம்ம சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் பார்வையை ஓட்டுங்கள். தனியார் பள்ளிகளின் பேனர்: பெரிய எழுத்தில் 600-க்கு 594 என்ற எண், மாணவியின் வாயில் தாளாளர் இனிப்பு ஊட்டும் படம், கீழே ‘25 ஆண்டு கல்விச் சேவை’. மூன்றும் ஒரே பேனரில் இருக்கின்றன. இப்போது கேளுங்கள்: அந்த எண் எதை மறைக்கிறது? எத்தனை பேர் எழுதி இவர் ஒருவர் 594 எடுத்தார்? படத்தில் பெற்றோர் ஏன் பின்வரிசையில் நிற்கிறார்கள்? பேனர் பேசுவது மாணவர்களிடமா, அப்பாக்களிடமா? நாமக்கல், ராசிபுரம் விடுதிப் பள்ளிகளின் பெயர் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த அலசல் தண்ணீர் பட்ட பாடு.

மூன்றாவதுதான் முக்கியம்: வாதக் கட்டுரை. இதற்கு முன்னோட்டமாகக் குறிப்புரையோடு ஒரு ஆதாரப் பட்டியல் கேட்பார்கள், அப்புறம் 6 முதல் 10 பக்கம் வரை ஆய்வுக் கட்டுரை. இங்கே ‘தீசிஸ்’ என்ற ஒரு விஷயத்தில் எல்லோரும் திணறுவார்கள். கட்டுரை முழுவதும் நிரூபிக்கப்போகும் ஒரே வாக்கியம் அது. ஒரு உதாரணத்தோடு முழுசாகப் பார்த்துவிடுவோம்.

ஏற்காட்டைப் பற்றி எழுதப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். “ஏற்காடு சேர்வராயன் மலையில் உள்ள ஓர் அழகிய கோடை வாசஸ்தலம்.” இது தீசிஸ் இல்லை. யாரும் மறுக்க மாட்டார்கள். மறுக்க ஆள் இல்லாத இடத்தில் வாதம் எதற்கு? “ஏற்காட்டில் சுற்றுச்சூழலைப் பாதுகாக்க வேண்டும்.” இதுவும் இல்லை. தலையாட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். “மே மாதக் கோடை விழா நாட்களில் வெளியூர்க் கார்களுக்கு நாளொன்றுக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, மிச்சப் பேரை அடிவாரத்திலிருந்து அரசுப் பேருந்தில் ஏற்ற வேண்டும்.” இப்போது சண்டை வரும். லாட்ஜ்காரர் எதிர்ப்பார், டாக்ஸி ஓட்டுகிறவர் எதிர்ப்பார், மலைக் கிராமத்துக்காரர் “எங்களையும் நிறுத்துவீங்களா?” என்பார். சண்டை வருகிறது என்றால் தீசிஸ் பிறந்துவிட்டது.

அடுத்தது ஆதாரம். அடிவாரம் வழியாகப் போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, குப்பனூர் வழியாக இன்னொரு பாதை. இது உங்களுக்குத் தெரியும், ஆனால் அயோவாவில் இருக்கும் ஆசிரியருக்குத் தெரியாது. எனவே சொல்ல வேண்டும். உள்ளூர் விஷயத்தை எழுதும்போது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நாம் தாண்டிப் போகிற இடத்தில்தான் அவர் “எனக்குப் புரியவில்லை” என்று ஓரத்தில் எழுதுவார். பிறகு, வேறெங்காவது இப்படிச் செய்திருக்கிறார்களா? செய்திருக்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் எண்ணிக்கை வரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வாகனம், சனி ஞாயிறில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இதை எடுத்து வைத்தவுடன் வாதம் முடிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. ஊட்டிக்குப் போகிறவர் பெரும்பாலும் இரண்டு நாள் தங்கப் போகிறார். ஏற்காட்டுக்கு சேலத்துக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறி, பக்கோடா பாயின்ட் பார்த்துவிட்டு, சாயங்காலம் இறங்கிவிடுகிறார். அங்கே பலித்தது இங்கே பலிக்குமா? இந்தக் கேள்வியை நீங்களே எழுப்பி நீங்களே பதில் சொல்லும் பத்திதான் கட்டுரையின் உயிர். எதிர்த் தரப்பை நேர்மையாக எடுத்து வைப்பதற்கு ரூப்ரிக்கில் தனியாக மார்க் உண்டு. ரூப்ரிக் என்றால் எதற்கு எவ்வளவு மார்க் என்ற கட்டம் போட்ட தாள். எழுதும் முன்னும் எழுதிய பின்னும் அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

லாட்ஜ்காரரை முட்டாள் மாதிரி காட்டி ஒரே வரியில் கவிழ்ப்பது பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்கும். இங்கே மார்க் குறையும். அவர் கணக்கில் நியாயம் இருக்கிறது: வருஷத்தில் பெரிய வருமானம் வரும் நாட்கள் அந்தச் சில நாட்கள்தான். அதை ஒப்புக்கொண்டு, அப்படியும் உங்கள் பக்கம் ஏன் நிற்கிறது என்று காட்ட வேண்டும்.

ஆதாரம் எங்கிருந்து? கூகுளில் முதலில் வருவதை எடுத்துப் போட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பல்கலைக்கழக நூலகம் ஜேஸ்டோர், எப்ஸ்கோ போன்ற தரவுத்தளங்களை உங்களுக்காகக் காசு கட்டி வைத்திருக்கும். நூலகரிடம் போய்க் கேட்டால் உட்கார வைத்துத் தேடிக் காட்டுவார், அது அவர் வேலை. தமிழ் நாளிதழ்ச் செய்தியையும் ஆதாரமாகக் காட்டலாம், மொழிபெயர்ப்பு உங்களுடையது என்று குறிப்பிட்டால் போதும். ஏற்காட்டின் காபித் தோட்ட வரலாறு வேண்டுமென்றால் 1918-ல் வந்த சேலம் மாவட்ட கெஜட்டியர் (அரசு வெளியிட்ட மாவட்ட விவர நூல்) ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அதை எழுதியது ஒரு வெள்ளைக்கார அதிகாரி. மலைவாழ் மக்களைப் பற்றி அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதியது என்றும் ஒரு வரி சேர்த்தால் ஆசிரியர் நிமிர்ந்து உட்காருவார்.

இப்போது கொஞ்சம் கடுமையான விஷயம். பார்த்து எழுதுதல். நமக்கு மனப்பாடம் ஒரு பெருமை. புத்தகத்தில் உள்ளதை வரி மாறாமல் எழுதினால் “அப்படியே எழுதியிருக்கா பாரு” என்று பாராட்டுவார்கள். அங்கே அதே செயல் குற்றம். வேண்டுமென்றே திருடினீர்களா, பழக்கத்தில் வந்ததா என்று முதலில் பார்க்க மாட்டார்கள். கட்டுரைக்குப் பூஜ்யம், பாடத்தில் எஃப், அதற்கும் மேலே ஒழுங்கு நடவடிக்கைக் குழு என்று போகும். மொத்தமாக நகல் எடுப்பவர்கள் குறைவு. நம் பிள்ளைகள் மாட்டுவது வேறொன்றில். ஒரு செய்தியில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: “மலைப்பாதையில் வாகன நெரிசல் அதிகரித்துள்ளதால், மழைக்காலத்தில் மண்சரிவு ஏற்படும்போது மீட்புப் பணிகள் தாமதமாகின்றன.” இதை ஒருவர் இப்படி மாற்றுகிறார்: “மலைச்சாலையில் வண்டிகளின் நெரிசல் கூடியுள்ளதால், மழைக்காலத்தில் மண்சரிவு நிகழும்போது மீட்பு வேலைகள் தள்ளிப்போகின்றன.” சொல்லுக்குச் சொல் மாற்றியாகிவிட்டது, வாக்கியத்தின் எலும்புக்கூடு அதேதான். இதை ‘பேட்ச்ரைட்டிங்’ என்கிறார்கள். ரெபெக்கா மூர் ஹோவர்ட் என்ற பேராசிரியை வைத்த பெயர் அது. புது மொழியில் எழுதப் பழகுகிறவர்கள் கடந்து போகும் ஒரு கட்டம், திருட்டாகப் பார்க்க வேண்டியதில்லை என்று அவர் வாதாடினார். உங்கள் ஆசிரியரும் அப்படிப் பெருந்தன்மையாக இருப்பார் என்று நம்பிவிடாதீர்கள்.

சரியான வழி இது. செய்தியைப் படியுங்கள், மூடிவையுங்கள், அம்மாவிடம் சொல்வது போல் உங்கள் வார்த்தையில் சொல்லிப் பாருங்கள், அதை எழுதுங்கள்: “மழையில் மண் சரிந்தால் பாதையைச் சரிசெய்யும் வண்டியே மேலே ஏற முடிவதில்லை, வழியெல்லாம் கார்கள் நிற்கின்றன என்கிறது அந்தச் செய்தி.” பிறகு எந்தச் செய்தி, எந்தத் தேதி என்று குறிப்பிடுங்கள். சொந்த வார்த்தையில் எழுதினாலும் ஆதாரம் காட்டியே ஆக வேண்டும். “நான்தான் மாற்றி எழுதிட்டேனே, எதுக்கு மறுபடி பேர் போடணும்?” என்று கேட்காத மாணவரை நான் பார்த்ததில்லை. யோசனை இன்னும் அந்தச் செய்தியை எழுதியவருடையதுதானே, அதனால்.

ஆதாரம் காட்டுவதற்கு எம்.எல்.ஏ. முறை (நம்ம தொகுதி எம்.எல்.ஏ. இல்லை, நவீன மொழிகள் சங்கம்) 9-ஆம் பதிப்பு, 2021. சில துறைகள் ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) முறை, 7-ஆம் பதிப்பு கேட்கும். இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். பர்டியூ பல்கலைக்கழகத்தின் ‘ஆவ்ல்’ என்ற இலவசத் தளம் 1994 முதல் இருக்கிறது, கமா எங்கே, புள்ளி எங்கே என்று எல்லாம் அதில் உண்டு. பக்கம் முழுவதும் இரட்டை இடைவெளி, நான்கு பக்கமும் 1 அங்குல மார்ஜின், வலது மேல் மூலையில் குடும்பப் பெயரும் பக்க எண்ணும்.

அந்தக் குடும்பப் பெயர்தான் நமக்கு ஒரு தொல்லை. நம்மிடம் இருப்பது இனிஷியல். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகவும், முதல் பெயரின் இடத்தில் எஃப்.என்.யூ. என்றும் விழும். ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கம் அது. வருகைப் பதிவேட்டிலும் அதுவே ஏறி, முதல் நாள் ஆசிரியர் “ஃப்னூ... ஃப்னூ இருக்கிறாரா?” என்று கூப்பிடுவார். சிரிக்காதீர்கள், அது நீங்கள்தான். பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்துப் பாருங்கள். நேரம் இருந்தால் சரிசெய்யலாம். இல்லையென்றால் பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில் ‘விரும்பும் பெயர்’ பதிவு செய்ய வழி பெரும்பாலும் இருக்கும்.

ஏஐ பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். ஒரே பாடத்தின் இரண்டு பிரிவுகளில்கூட விதி வேறு. ஒருவர் யோசனைக்குப் பயன்படுத்தலாம் என்பார், இன்னொருவர் இலக்கணம் பார்க்கக்கூடக் கூடாது என்பார். சிலபஸில் தெளிவாக இல்லையென்றால் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு ஆபத்து, நீங்களே எழுதியதை இயந்திரம் எழுதியது என்று சொல்லிவிடுவது. 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளை 7 கண்டறியும் கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர்கள் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் ஏஐ எழுதியது என்று தப்பாக வந்தன. சுருக்கமான சொல்வளத்தில், பாதுகாப்பான வாக்கியங்களில் எழுதுகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் ஆரம்பத்திலிருந்தே கூகுள் டாக்ஸில் எழுதுங்கள். எந்த நாள், எந்த மணிக்கு எந்த வரி வந்தது என்ற வரலாறு அதில் தானே பதிவாகும். யாராவது கேட்டால் அதைத் திறந்து காட்டலாம். வேறெங்கோ எழுதிவிட்டு மொத்தமாகக் கொண்டுவந்து ஒட்டினால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

பியர் ரிவ்யூ பற்றி ஒரு வார்த்தை. சக மாணவரின் டிராஃப்டைப் படித்துக் கருத்து எழுத வேண்டும். நாம் மரியாதைக்கு “ரொம்ப நல்லா இருக்கு, சின்னச் சின்ன இலக்கணப் பிழை மட்டும்” என்று எழுதித் தப்பிப்போம். அந்தக் கருத்துக்கும் மார்க் உண்டு என்பதை மறந்துவிடுவோம். இலக்கணத்தை விட்டுவிடுங்கள். எந்த இடத்தில் நம்ப முடியவில்லை, எந்த இடத்தில் இன்னும் தெரிந்துகொள்ள ஆசை வந்தது, எந்தப் பத்தியை எடுத்துவிட்டாலும் கட்டுரை நிற்கும், இவற்றைச் சொல்லுங்கள். அவர்கள் உங்கள் கட்டுரையில் கை வைக்கும்போது கோபம் வரும். வந்தால் ஒரு நாள் கழித்து அந்தக் கருத்துகளை மறுபடி படியுங்கள்.

ஆஃபீஸ் அவர்ஸ் என்று வாரத்தில் சில மணி நேரம் ஆசிரியர் தன் அறையில் மாணவர்களுக்காகவே காத்திருப்பார். நம்மூரில் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டால் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று அர்த்தம். அங்கே போகாமல் இருப்பதுதான் தப்பு. முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு தடவை போய்விடுங்கள், கேட்க ஒன்றுமில்லை என்றாலும் தீசிஸ் வாக்கியத்தைக் காட்டி “இது போதுமா?” என்று கேளுங்கள். எழுத்து உதவி மையம் என்று இன்னொன்றும் உண்டு, இலவசம். அங்கே பிழை திருத்தித் தர மாட்டார்கள், “இதில் என்ன சொல்ல வருகிறீர்கள்?” என்று கேட்டுக் கேட்டே எழுத வைப்பார்கள். மெயில் எழுதும்போது ‘ரெஸ்பெக்டட் சார்’ வேண்டாம். ‘டியர் புரொபசர்’ என்று போட்டு அவர் குடும்பப் பெயர், எந்தப் பிரிவு, என்ன கேள்வி, நன்றி. நாலு வரி போதும்.

உங்கள் ஆங்கிலம் பற்றிய பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பிழைகளுக்கு மார்க் குறையும், ஆனால் நீங்கள் நினைக்கிற அளவு இல்லை. கல்லூரி எழுத்து ஆசிரியர்களின் தேசிய அமைப்பே 1974-ல், மாணவர்களுக்குத் தங்கள் சொந்த மொழி வழக்கில் எழுத உரிமை உண்டு என்று தீர்மானம் போட்டிருக்கிறது. எல்லா ஆசிரியரும் அப்படி நடப்பதில்லைதான். ஆனால் ஒரு சொல்லுக்கு முன்னால் “the” வைப்பதா “a” வைப்பதா என்று அரை மணி நேரம் யோசிக்கும் நேரத்தை வாதத்தில் செலவழித்தால் கிரேடு ஏறும். சேலத்துப் பாஷையில் சொன்னால், பயப்படாதே கண்ணு.

கடைசியாக நாவல். ஒன்றுகூட வேண்டாம், ஆசை இருந்தால் படியுங்கள். ஆகஸ்டுக்குள் செய்ய வேண்டியது வேறு. வாரம் இரண்டு தடவை, தமிழோ ஆங்கிலமோ ஏதோ ஒரு நாளிதழின் தலையங்கத்தைப் படித்து, மூடிவைத்துவிட்டு, ஆங்கிலத்தில் 150 சொல்லில் அதன் வாதத்தைச் சுருக்கி எழுதுங்கள். கீழே, நீங்கள் ஒப்புக்கொள்ளாத ஒரு இடத்தைப் பிடித்து இன்னொரு 150 சொல். மூன்று நாள் கழித்து அதே தாளை எடுத்து, பாதியை அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அப்புறம், ஊரில் இருக்கும்போதே கொஞ்சம் சரக்கு சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்த ஜக்கார்டு அட்டையின் படம், தறிக்காரப் பெரியவரோடு பேசியதன் பதிவு (அவரிடம் கேட்டுவிட்டு), ஐந்து ரோட்டு பேனரின் படம், ஏற்காடு அடிவாரத்தில் சனிக்கிழமை காலை நிற்கும் வண்டி வரிசை. அக்டோபரில் ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புக் கேட்கும்போது, வகுப்பில் பாதிப் பேர் சமூக ஊடகம் நல்லதா கெட்டதா என்று எழுதிக்கொண்டிருப்பார்கள். உங்கள் போனில் வேறு சரக்கு இருக்கும்.